ஏடும் மண்ணும்: ஈழத்து வரலாற்றாய்வில் சுயசிந்தனை

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் அமைந்த தர்மபுரம், 20ஆம் நூற்றாண்டில் காடு வெட்டிக் குடியேறியோரால் உருவான ஊர். பழைய நூல்களில் அதன் பெயரைத் தேடுவது வீண். ஆயினும் அதற்கு அண்மையிலுள்ள இரணைமடுப் பகுதியின் சரளைப் படிவுகளில் கற்கால மாந்தரின் கருவிகள் கிடைத்துள்ளன. நூலை மட்டும் கற்றவன் வன்னியின் வரலாற்றை வன்னியரின் வருகையோடு தொடங்குவான்; மண் அவ்வாறு தொடங்கவில்லை.

வன்னியர் அடங்காப்பற்றில் குடியமர்ந்த கதையை வையாபாடல் கூறுகின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில் மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, அதனையும் பிற முன்னூல்களையும் தழுவியது. பின்வந்தோர் பலர் வைபவமாலையைத் தழுவினர். ஒரு கூற்றைப் பத்து நூல்கள் எடுத்தாண்டுவிடின், பத்துச் சான்றுகள் கிடைத்தனவாகக் கருதும் வழக்கம் அறிஞரிடையேயும் உண்டு. உண்மையில் அங்கிருப்பது ஒரே சான்றே. 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை வெளியிட்ட சுவாமி ஞானப்பிரகாசர் இம்மரபினைத் துணிந்து வினாவினார். எனினும் அகழ்வாய்வு தரும் சான்றுகள் அவர் காலத்தில் மிகச் சிலவே.

இவ்வகையில் பேராசிரியர் கா. இந்திரபாலாவின் ஆய்வு வாழ்வு தனித்து நோக்கத்தக்கது. 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்திற்காக அவர் சமர்ப்பித்த ஆய்வேடு, இலங்கையில் பரந்த அளவிலான தமிழ்க் குடியிருப்புகள் ஏறத்தாழக் கி.பி. 10ஆம் நூற்றாண்டையும் அதற்குப் பிந்திய காலத்தையும் சார்ந்தவை என்னும் முடிபினைக் கொண்டது. பாளி வரலாற்று நூல்களும் கல்வெட்டுகளுமே பெரும் ஆதாரமாயிருந்த அன்றைய நிலையில் அது பொறுப்பற்ற முடிபன்று. தமிழர் பலர்க்கு அது கசந்தது. அதனைத் தம் அரசியலுக்குக் கருவியாக்கியோரும் இருந்தனர். ஆனால் கசப்பு ஒரு சான்றாகாது. அக்கசப்புக்கு அஞ்சி அவர் தம் கருத்தை மாற்றவுமில்லை.

மாற்றியது மண். 1970இல் கந்தரோடையில் நடைபெற்ற அகழ்வு, தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டை ஒத்த கருஞ்செம் மட்கலங்களை வெளிக்கொணர்ந்தது. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது, பெருங்கற்கால ஈமக்குழியொன்றிலிருந்து பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது. அக்குழுவிற்குத் தலைமை தாங்கியவர் இந்திரபாலாவே. தம் ஏட்டிற்கு எதிரான சான்றைத் தாமே தோண்டியெடுக்கும் பேறு ஆய்வாளர் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை! வன்னியின் வடமேற்கு அந்தலையிலும் இத்தகைய தடயங்கள் உள்ளமையைப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணத்தின் 'பூநகரி தொல்பொருளாய்வு' (1993) எடுத்துக்காட்டிற்று.

2005இல் இந்திரபாலா ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் பழைய முடிபினைக் கைவிட்டது. ஆனால் அவர் எதிர்த்தரப்பின் கதைக்குத் தாவிவிடவில்லை. பெருந்தொகையான குடியேற்றத்தால் அன்றி, வரலாற்றுக்கு முற்பட்ட காலத்திலேயே இத்தீவில் வாழ்ந்த மக்கள் புதிய மொழிகளையும் பண்பாட்டையும் ஏற்றமையாலேயே தமிழரும் சிங்களவரும் இரு இனங்களாக உருப்பெற்றனர் என்பது அவர் விளக்கம். முதலில் வந்தவர் யார் என்று வாதிடும் இரு சாராரின் பெருமிதத்திற்கும் இதில் இடமில்லை.

அந்நூலின் தமிழாக்கமும் வெளிவந்துவிட்டது. ஆயினும் ஆசிரியர் கைவிட்ட 1965ஆம் ஆண்டு முடிபினை, அவர் பெயராலேயே மேற்கோள் காட்டுவோர் இன்னும் உளர்.