வேண்டா (பெண்பெயர்)

வேண்டா: அடுத்தடுத்துப் பெண்ணாகவே பிறந்த வீடுகளில், மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்தவளுக்கு இட்ட பெயர். வேண்டாம், வேண்டாமணி, வேண்டாமிர்தம் என்றும் வழங்கும். தென் மாவட்டங்களில் இதே வேலையைப் ‘போதும்பொண்ணு’ செய்தது. மங்கலம், சம்பூரணம் என்பனவும் சில வீடுகளில் இந்தக் கணக்கில் வந்தவைதான். வெளியாள் காதுக்கு அது தெரியாது.

“இதுவும் பொட்டப்புள்ளயா?” என்ற கேள்விக்குப் பிறகு வீட்டுப் பெரியவர்கள் குலதெய்வத்தின் காதில் போட்டுவைத்த சொல் இது. நாள்தோறும் இப்படிக் கூப்பிட்டால் அடுத்தது பையனாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. திருத்தணியை அடுத்த நாராயணபுரத்தில் இவ்வழக்கம் இருந்ததை 2019-இல் நாளிதழ்கள் எழுதியபோதுதான் நகரவாசிகள் பலர் இதை அறிந்தார்கள். குப்பம்மாள், பிச்சையம்மாள் ஆகியவற்றை இதோடு சேர்த்துப் பேசுவோர் உண்டு. அது சரியல்ல. முன்பிறந்தவை இறந்துபோன வீட்டில், இந்தக் குழந்தையாவது தங்கட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்து வைத்த பெயர் குப்பம்மாள். அதில் இருப்பது ஆசை.

உச்சரிப்பில் ஒரு நுட்பம் உண்டு. வட மாவட்டப் பேச்சில் மறுப்புச் சொல் ‘வேணாம்’, ‘வாணாம்’ என்றே வரும். பெயரிலோ ‘ண்ட’ பெரும்பாலும் கரையாமல் நிற்கிறது. கடைசி ‘ம்’ மட்டும் மூக்கொலியாகத் தேய்ந்துவிடும். அதனால் “சோறு வேணாம்” என்பவரும் “ஏ வேண்டா, இங்க வா” என்பவரும் ஒரே ஒலியைச் சொல்வதில்லை. கூப்பிடுகிறவர்களுக்குப் பொருள் மறந்துபோக இதுவே போதும். அதை ஞாபகப்படுத்துவது பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு. ஆசிரியர் எழுத்துக்கூட்டி, ‘ம்’ விடாமல் படிப்பார், வகுப்பு சிரிக்கும்.

பெண் சிசுக்கொலைக்காக நாடு முழுதும் பேசப்பட்ட மாவட்டம் தருமபுரி. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. கொல்ல வேண்டாம், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், அரசு வளர்க்கும் என்பதே ஏற்பாடு. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு மாவட்டத்தில் 900 பெண் குழந்தைகள்கூட இல்லை; 2011-இல் அது 913 ஆயிற்று. இந்த எண்களோடு வைத்துப் பார்த்தால், வேண்டா என்று பெயர் பெற்றவள் பிழைக்கவிடப்பட்டவள். கசப்போடுதான் என்றாலும் ஒரு பெயர் வைத்து வளர்த்திருக்கிறார்கள்.

பெயர் அருகியதற்கு விழிப்புணர்வை மட்டும் காரணமாகச் சொல்வது மிகை. இரண்டு பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளும் வீட்டில் நான்காவது மகளே இல்லை. ஸ்கேன் வந்தபின் சிலர் பிறக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு 1996-இல் நடைமுறைக்கு வந்தும், கையடக்கக் கருவியோடு பாலினம் பார்த்துச் சொன்ன கும்பல் 2022-இல் தருமபுரியில் பிடிபட்டது.

இப்படிப் பெயரிடுவது தமிழருக்கு மட்டும் உரியதல்ல. ‘தம்பியை அழைத்து வா’ என்ற பொருளில் சீனர் பெண்ணுக்குப் பெயரிட்டதுண்டு. மராட்டியத்தில் ‘வேண்டாதவள்’ என்ற பொருளில் ‘நகுசா’ இருந்தது. சாத்தாரா மாவட்ட நிர்வாகம் 2011 அக்டோபர் 22 அன்று விழா எடுத்து 285 பெண்களுக்கு வேறு பெயர் சூட்டியது. அரியானாவில் நான்காவது மகளாகப் பிறந்தவருக்கு, இவளே கடைசியாக இருக்கட்டும் என்று ‘அந்திம்’ எனப் பெயரிட்டார்கள். அந்த அந்திம் பங்கால்தான் 2022-இல் 20 வயதுக்குட்பட்டோர் உலக மல்யுத்தத்தில் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண். பெயரை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

தமிழ்நாட்டில் பெயர் மாற்ற விரும்புவோர் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையில் விண்ணப்பித்தால் அரசிதழில் வெளியாகும். பழைய பெயரும் அதில் அச்சாகும். படிக்கும் பெண்கள் இதைச் செய்துகொள்ளலாம். பிள்ளைகளின் சான்றிதழ், நிலப்பத்திரம், ரேஷன் அட்டை என எல்லாவற்றிலும் வேண்டா என்றே ஏறிவிட்ட மூத்த பெண்களுக்கு அது ஒரு தாலுகா ஆபீஸ் அலைச்சல்.