தலையில் மதில் சூடிய அம்மன்



போன வெள்ளிக்கிழமை மார்சிலிங்ல அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவிட்டு இருந்தோம். புதுசா வந்த தொண்டூழியர் தம்பி ஒருத்தன் கேட்டான்: "அங்கிள், ஊருக்கு ஒரு அம்மன் உண்டுன்னு பாட்டி சொல்வாங்க. மத்த நாட்டுலயும் அப்படி இருந்துச்சா? வீவக வீட்டுல இருக்கிற நமக்கு யாரு ஊர் அம்மன்?"

முதல் கேள்விக்குப் பதில் பழைய காசுலயே இருக்கு. ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியில பல நகரங்கள் தங்கள் நாணயத்துல ஊர்த் தெய்வத்தைப் பொறிச்சாங்க. கிரேக்க மொழியில டைக்கி. அவள் தலையில இருக்கிற கிரீடம் கோட்டை மதில் வடிவம். இன்றைய துருக்கியில இருக்கிற அந்தியோக்கியா நகரத்து டைக்கி பாறைமேல உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியில ஒரோன்டஸ் ஆறு ஓர் இளைஞன் உருவத்துல நீந்தும்.

இந்த வழக்கம் நம்ம பக்கமும் வந்துச்சு. பெஷாவர் அருகே இருந்த புஷ்கலாவதி நகரத்தின் தங்கக் காசு ஒண்ணு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துல இருக்கு. மதில் கிரீடம், கையில தாமரை, பக்கத்துல கரோஷ்டி எழுத்துல அந்த ஊர் தேவதையின் பெயர். மறுபக்கம் காளை!

தமிழ்லயும் ஊர்த் தெய்வங்கள் உண்டு. புகாரின் காவல் தெய்வம் சம்பாபதி. காவிரி வந்தப்போ அவளே வரவேற்றாள், ஊருக்கும் காவிரியின் பெயரே வந்துச்சுன்னு மணிமேகலை சொல்லுது. அந்தியோக்கியாவுல ஆறு தெய்வத்தின் காலடியில, புகார்ல ஆறுக்கே முதல் மரியாதை.

சிலப்பதிகாரத்துல மதுரை எரியும்போது மதுராபதித் தெய்வம் கண்ணகி முன்னாடி வர்றதில்ல, பின்னால வந்து பேசுறாள். தப்பு நடந்த ஊரின் தெய்வம், பாதிக்கப்பட்ட பெண்ணை நேருக்கு நேர் பார்க்கத் தயங்குறாள்னு எனக்குத் தோணும். காசுல தெரியறது ஊரின் பெருமை. இங்கே தெரியறது ஊரின் பொறுப்பு. மதில் மட்டும் ஊரைக் காக்காது, நீதியும் வேணும்.

இனி தம்பியோட ரெண்டாவது கேள்வி. 1819ல ராஃபிள்ஸோட வந்த நாராயண பிள்ளை, 1827ல சவுத் பிரிட்ஜ் சாலையில மரமும் அத்தாப்பும் வெச்சு மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார். கப்பல்ல வந்து இறங்கி, வேலையும் தங்க இடமும் தேடினவங்களுக்கு அந்தக் கோயில் அடைக்கலம் கொடுத்துச்சு. ஊரை விட்டு வந்தவங்களுக்கு இடம் கொடுத்தவள்தான் இங்கே நம்ம ஊர் அம்மன்.

அதனால அன்னதானத்துக்குப் புதுசா ஒருத்தர் வந்து கூச்சத்தோட ஓரமா நின்னா, நாமளே போய்க் கூப்பிட்டு இலை போடுவோம். அதுவும் அவள் வேலைதான்.

உங்க பூர்வீக ஊர் அம்மன் பெயரைக் கீழே எழுதுங்க. நம்ம பிள்ளைங்களும் தெரிஞ்சுக்கட்டும்.

ஓம் சக்தி 🙏