பாஸ்கரரின் கனக் கணக்கும் மீதிப் பாக்கியும்

கடைப் பேரேட்டோடு வயதைக் கழித்தவன் நான். கல்லூரிப் படி மிதித்ததில்லை. ஆனாலும் பழைய கணித நூல்கள் மேல் ஒரு பித்து. நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் ஒரு கணக்கின் கதையை இங்கே சொல்கிறேன். முப்படிக் கோவை ஒன்றில் ஒரு மூலம் தெரிந்தால், மீதியைக் காரணிப்படுத்துவது எப்படி?

பாஸ்கராச்சாரியார் 1150 வாக்கில் எழுதிய பீஜகணிதத்தில் ஒரு கேள்வி. ஓர் எண்ணின் கனத்தோடு அதன் 12 மடங்கைக் கூட்டினால், அதன் வர்க்கத்தின் 6 மடங்கோடு 35 சேர்த்ததற்குச் சமம், எண் எது? தெரியாத எண்ணை அவர் 'யா' என்று குறிப்பார். 6யா²-ஐயும் 8-ஐயும் இருபுறமும் கழித்தால் இடப்பக்கம் (யா − 2)³, வலப்பக்கம் 27. ஆகவே யா − 2 = 3, விடை 5. அதோடு அவர் முடித்துவிட்டார்.

நாம் மேலே போவோம். கோவை யா³ − 6யா² + 12யா − 35. கெழுக்கள் 1, −6, 12, −35. முதல் 1-ஐ அப்படியே இறக்குங்கள். அதை 5-ஆல் பெருக்கி −6-இல் கூட்டினால் −1. அதை 5-ஆல் பெருக்கி 12-இல் கூட்டினால் 7. அதையும் 5-ஆல் பெருக்கி −35-இல் கூட்டினால் பூச்சியம், பாக்கி இல்லை! ஆக, காரணிகள் (யா − 5), (யா² − யா + 7).

இந்த இரண்டாவதைப் பூச்சியமாக்க −27-க்கு வர்க்கமூலம் வேண்டும். எதிரெண்ணுக்கு வர்க்கமூலம் கிடையாது என்று 850 வாக்கில் கணித சார சங்கிரகத்தில் சொன்னவர் எங்கள் சமண மரபின் மகாவீராச்சாரியார் (தீர்த்தங்கரர் வேறு, இவர் வேறு). அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1912-இல் சென்னையில் வெளியிட்டவர் எம். ரங்காச்சாரியார். அத்தகைய மூலங்களைக் கையாள விதி வகுத்தவர் இத்தாலியின் பொம்பெல்லி, 1572-இல். மூலம் தெரிந்தால் கோவை அதன் காரணியால் மீதியின்றி வகுபடும் என்று 1637-இல் எழுதியவர் பிரான்சின் டெக்கார்ட். மேலே போட்ட தொகுமுறை வகுத்தலை 1804-இல் தந்தவர் இத்தாலியின் ருஃபினி.

கூட்டங்களில் சிலர், "எல்லாம் நம்ம ஆளுங்க அப்பவே கண்டுபிடிச்சாச்சு" என்பார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருத்தர் வரவை இன்னொருத்தர் பேரில் எழுதினால் ஐந்தொகை நேராகுமா? பாஸ்கரருக்கும் மகாவீரருக்கும் அவரவர் வரவே நிறைய இருக்கிறது. கடன் வாங்கிச் சேர்க்க வேண்டியதில்லை. பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். யார் யார் பங்கு எவ்வளவு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.