பொற்பங்கின் கடமை: மலையகத் தோட்டக் கம்பனிகளில் அரசின் உரிமை

நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் பெருந்தோட்டங்களில் பெரும்பாலானவற்றைத் தனியார் கம்பனிகளே நடத்துகின்றன. ஆயினும் நிலம் அரசுக்குரியது. அக்கம்பனிகளில் திறைசேரிச் செயலாளர் பெயரில் ஒரு 'பொற்பங்கு'ம் உண்டு. நிலத்தைக் காப்பதோடு அந்த உரிமையின் கடமை முடிந்துவிடுவதில்லை. அந்நிலத்தில் உழைத்து வாழ்வோரையும் அது காக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அவற்றை ஏற்று நடத்திய ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் பெரும் நட்டத்தில் விழுந்தன. 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டு, முகாமை தனியாரிடம் சென்றது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து 51 வீதப் பங்குகள் விற்கப்பட்டன; 10 வீதம் ஊழியர்களுக்கு இலவசமாகப் பகிரப்பட்டது. நிலக் குத்தகை 2045 வரை நீள்கிறது.

பொற்பங்கு தரும் உரிமைகள் கம்பனிகளின் அமைப்பு விதிகளிலேயே உள்ளன. எழுத்துமூல இணக்கமின்றி நிலத்தை உபகுத்தகைக்கு விட முடியாது. காலாண்டுக்கு ஒருமுறை பணிப்பாளர் சபையை அழைத்து அரசின் அக்கறைக்குரியவற்றைப் பேசலாம். இரண்டு வார அறிவித்தலில் கணக்கேடுகளைப் பார்வையிடலாம். ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 60 நாட்களுக்குள் அறிக்கை பெறலாம்.

சம்பளப் போராட்டங்களில் இந்த உரிமைகளின் பயன் தெரியவில்லை. 2021இல் 1,000 ரூபாய் நாட்சம்பளமும் 2024இல் 1,700 ரூபாயும் வர்த்தமானியில் வந்தபோது, கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. உற்பத்திச் செலவு தாங்காது என்பது அவற்றின் வாதம். கணக்கேடுகளைத் திறந்து பார்க்கும் உரிமையுள்ள அரசு, அந்த வாதத்தைத் தோட்டவாரியாகச் சோதித்து முடிவைத் தொழிற்சங்கங்களின் முன் வைத்திருக்க வேண்டும். சம்பளத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் பொற்பங்குக்கு இல்லை. உண்மையை மேசைக்குக் கொண்டுவரும் அதிகாரம் உண்டு.

இத்தகைய பங்குகள் முதலீட்டைத் தடுக்கும் என்பர். பிரித்தானிய விமான நிலையக் கம்பனியில் அந்நாட்டு அரசு வைத்திருந்த சிறப்புப் பங்கு, மூலதனத்தின் தடையற்ற நகர்வுக்கு முரணானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. இங்கோ அரசே நிலவுடைமையாளர். குத்தகை கொடுத்தவர் தம் நிலத்தில் நடப்பதைக் கேட்டறிவது முதலீட்டாளருக்குப் புதிய சுமை ஆகாது.

பங்குகளைத் தொழிலாளருக்கே கொடுத்தால் போதாதா? கேரளத்தின் மூணாறில் 2005இல் டாடா தேயிலைக் கம்பனியின் தோட்டங்கள், ஊழியர்கள் பெரும்பான்மைப் பங்கு கொண்ட கண்ணன் தேவன் கம்பனியிடம் சென்றன. அங்கேயே 2015இல் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் போனஸ் குறைப்பை எதிர்த்து வீதிக்கு வந்தனர். ஆளுக்குச் சிறிதாகப் பிரிந்த பங்கு, முடிவெடுக்கும் இடத்தில் குரலாவதில்லை. மலையகத்தின் 10 வீதமும் தனித்தனியாகவே பகிரப்பட்டது. சிதறிய அந்தக் குரலுக்கு ஈடாக நிற்கக்கூடியது அரசின் ஒற்றைப் பங்கே.

ஆகவே, காலாண்டு அறிக்கைப் படிவத்தில் லயன் குடியிருப்பு, குடிநீர், மலசலகூடம், வேலைநாட்கள், சம்பளம் ஆகியவை தோட்டவாரியாக இடம்பெற வேண்டும். அவை தொழிற்சங்கங்களுக்கும் கிடைக்க வேண்டும். சுற்றுலாவுக்கோ வேறு பயிருக்கோ நிலத்தை உபகுத்தகைக்கு விட இணங்குமுன், அத்தோட்டத்துக் குடும்பங்களுக்கு வீட்டுக் காணி ஒதுக்கப்பட வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டமோ மீண்டும் அரசுடைமையோ தேவையில்லை. இருக்கும் உரிமையை இன்றே இப்படிப் பயன்படுத்தத் தொடங்கினால்தான், 2045இல் குத்தகையைப் புதுப்பிக்கும் நிபந்தனைகளை எழுதத் தேவையான சான்றுகள் அரசின் கையில் இருக்கும்.