பொருந்தாத இறக்கை: ஒரு பிளாஸ்டிக் கிட்டும் மறந்துபோன வெஞ்சன்ஸும்

இந்த எபிசோடைப் பதிவு பண்ணும்போது என் வலது கை விரல் நுனிகள்ல உணர்ச்சி கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு. காரணம் உப்புத்தாள். மூணு வாரமா ராத்திரி ஆபீஸ் கால் முடிஞ்சதும் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் விமானத்தைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். அந்த விமானத்தோட கதைதான் இன்னைக்கு.

ஆரம்பம் ஒரு மெயில். சில மாசம் முன்னாடி பர்மா போர் பத்தின எபிசோட்ல, இந்திய விமானப்படை அங்கே லைசாண்டர், ஹரிக்கேன், கடைசியா ஸ்பிட்ஃபயர் ஓட்டுச்சு, அவ்வளவுதான்னு ரொம்ப தைரியமா சொல்லிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு ஒரு நேயர் எழுதியிருந்தாங்க. அவங்க கொள்ளுத்தாத்தா லால்குடிப் பக்கம். விமானப்படையில ஃபிட்டரா இருந்தவர். போட்டோ கிடையாது, மெடல் கிடையாது. வீட்டுல மிஞ்சியிருக்கிறது ஒரே ஒரு வார்த்தை: "வெஞ்சன்ஸ்". அவர் பொண்ணு, அதாவது இவங்க பாட்டி, இன்னும் இருக்காங்க. "அப்பா வெஞ்சன்ஸ் வெஞ்சன்ஸ்னு சொல்வார், அது ஊர் பேரா, ஆள் பேரான்னு தெரியலை"ன்னு பாட்டி கேட்டாங்களாம். நீங்க அதைச் சொல்லவே இல்லையேன்னு மெயில் முடிஞ்சிருந்தது.

தப்பு என் மேலதான். வெஞ்சன்ஸ் ஒரு விமானம். முழுப் பேர் வல்டீ வெஞ்சன்ஸ். அமெரிக்காவுல செஞ்ச டைவ் பாம்பர், அதாவது தலைகுப்புறப் பாய்ஞ்சு குண்டு போடுற ரகம். ரெண்டு பேர் உட்காரலாம். ஜெர்மனியோட ஸ்டூக்கா விமானங்கள் செஞ்ச நாசத்தைப் பார்த்துட்டு, நமக்கும் இது மாதிரி வேணும்னு முதல்ல ஆசைப்பட்டது பிரான்ஸ். 1940 ஜூன்ல பிரான்ஸ் விழுந்துடுச்சு. அதுக்கப்புறம் பிரிட்டன் ஆர்டர் கொடுத்தது. 1941-ல முதல் விமானம் பறந்தது. ஆனா அதுக்குள்ள ஐரோப்பாவுல நிலைமை மாறிடுச்சு. எதிரியோட ஃபைட்டர்கள் சுத்துற வானத்துல டைவ் பாம்பர் நிக்காதுன்னு எல்லாருக்கும் புரிஞ்சிருந்தது. அதனால பிரிட்டன் இதை இந்தியாவுக்கு அனுப்பிடுச்சு. 1942 டிசம்பர் 1-ம் தேதி, இந்திய விமானப்படையோட 8-ம் ஸ்குவாட்ரன் ஆரம்பிக்கப்பட்டது. எங்க தெரியுமா? திருச்சியில. அதுக்குக் கிடைச்ச விமானம் வெஞ்சன்ஸ். அதே நேரத்துல விசாகப்பட்டினத்துல ஆரம்பிச்ச 7-ம் ஸ்குவாட்ரனுக்கும் இதேதான்.

பாட்டிக்கு ஒரு மாடல் செஞ்சு காட்டலாம்னு தோணுச்சு. மெக்கானிக்கல் படிச்சிட்டு ஐடியில கோட் அடிக்கிற லட்சக்கணக்கான பேர்ல நானும் ஒருத்தன். கையால ஏதாவது செய்யணும்னு ஒரு அரிப்பு இருந்துக்கிட்டே இருக்கும். தேடிப் பிடிச்சு ஒரு பழைய கிட் வாங்கினேன். எந்தக் கம்பெனி பெட்டின்னு சொல்லப்போறதில்லை, சண்டை வேண்டாம். அளவு 72-ல் 1. ஆறடி மனுஷன் ஒரு அங்குலம் ஆவான், அவ்வளவுதான் கணக்கு. நிஜ வெஞ்சன்ஸோட இறக்கை நீளம் 48 அடி, மாடல்ல 8 அங்குலம்.

பெட்டியைத் திறந்து, பசை போடாம சும்மா சேர்த்துப் பார்த்தேன். உடம்போட ரெண்டு பாதியும் முன்பக்கம் சேர்ந்தா பின்பக்கம் வாயைப் பிளக்குது. வால் ஒரு பக்கம் சாயுது. இறக்கை உடம்போட சேருற இடத்துல ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு மில்லிமீட்டர்தானேன்னு நினைக்காதீங்க. 72-ஆல பெருக்குங்க. நிஜ விமானத்துல 7.2 சென்டிமீட்டர். உள்ளங்கையையே நுழைச்சிடலாம்.

ஏன் இப்படி? கிட் எப்படிப் பிறக்குதுன்னு பார்த்தா புரியும். பாலிஸ்டைரீனை உருக்கி, இறுக்கி மூடின ரெண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவுல பயங்கர அழுத்தத்துல செலுத்துவாங்க. ஆறினதும் அச்சைப் பிரிச்சு எடுப்பாங்க. பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். தடிமனான இடம் மெதுவா ஆறும், அங்கே குழி விழும். அவசரமா, சூடு ஆறுறதுக்குள்ள வெளியே எடுத்தா வளையும். அச்சு தேய்ஞ்சா ரெண்டு பாதியும் சரியா மூடாது, சந்துல பிளாஸ்டிக் கசிஞ்சு ஓரமெல்லாம் பிசிறு நிக்கும். இன்னொன்னு, பழைய அச்சுகள் எதுவும் கம்ப்யூட்டர்ல வரைஞ்சதில்லை. பெரிய அளவுல மாதிரி செஞ்சு, பேன்டோகிராஃப் கருவியால அதைத் தடவித் தடவி, சின்ன அளவுல எஃகைக் குடைவாங்க. ஒருத்தரோட கைநடுக்கம்கூட அதுல இருக்கும்.

அச்சு எஃகு. அது கம்பெனியைவிட அதிக நாள் உயிரோட இருக்கும். இங்கிலாந்துல ஃப்ராக்னு ஒரு பிராண்ட் இருந்தது. 1936-லேயே பெங்குவின்னு ஒரு வரிசையில பிளாஸ்டிக் விமான கிட் போட்டவங்க. அவங்க மத்த மாடல்கள் பறக்கும், இது பறக்காது, அதனால பறக்காத பறவையோட பேர். 1971-ல அதோட தாய் நிறுவனமான லைன்ஸ் பிரதர்ஸ் திவாலாச்சு. ஃப்ராக்கை இன்னொரு கம்பெனி வாங்குச்சு. 1970-களோட நடுவுல அந்த அச்சுகள்ல பெரும்பகுதி எங்க போச்சு தெரியுமா? சோவியத் யூனியனுக்கு. அங்கே அடிச்சு, நோவோங்கிற பேர்ல திரும்ப மேற்கு நாடுகளுக்கே வித்தாங்க. ஆனா ஜெர்மன், ஜப்பானிய விமானங்களோட அச்சுகளை சோவியத் தரப்பு ஏத்துக்கலை. ரெண்டு கோடிக்கும் மேல மக்களைப் போர்ல பறிகொடுத்த நாடு, நாஜி விமானத்தைப் பொம்மையாக்க மனசு வரலை போல. அதெல்லாம் ரெவெல் கம்பெனிக்குப் போச்சு. யோசிச்சுப் பாருங்க, போர் முடிஞ்சு முப்பது வருஷம் கழிச்சு, பொம்மை அச்சுகள் நேச நாடு, அச்சு நாடுன்னு பிரிஞ்சு போகுது. அச்சு நாட்டு அச்சுன்னு எனக்கு ஒரு மொக்கை ஜோக் தோணுச்சு, மன்னிச்சுடுங்க.

விஷயத்துக்கு வருவோம். பழைய கிட்ல பிசிறும் இடைவெளியும் இருந்தா, அது பல வருஷம் பல கை மாறி உழைச்ச எஃகோட தேய்மானம். நம்ம ஆபீஸ்ல பத்து வருஷப் பழைய கோட் மாதிரி. எழுதினவங்க யாரும் இப்ப இல்லை. ஆனா ஓடிக்கிட்டு இருக்கு.

சரி, ரிப்பேர் ஆரம்பிச்சேன். பிசிறை பிளேடால சுரண்டினேன். உடம்போட ரெண்டு பாதியையும் கொஞ்சம் கொஞ்சமா ஒட்டி, ஒவ்வொரு தடவையும் ரப்பர் பேண்டு போட்டு ஒரு ராத்திரி விட்டேன். இடைவெளிக்குக் கார் ஒர்க்‌ஷாப்புல செய்ற மாதிரியேதான், பட்டி பார்த்து, காய விட்டு, தேய்ச்சு, மறுபடி பட்டி. இங்கேதான் என் இன்ஜினியர் புத்தி வேலை செஞ்சது.

இறக்கையைச் சொருகிப் பார்த்தா, அது உடம்புக்கு நேர்கோட்டுல படுத்திருந்தது. சாதாரணமா விமானத்துல இறக்கையோட முன்விளிம்பு கொஞ்சம் மேல தூக்கி, ரெண்டு மூணு டிகிரி சாய்வுல இருக்கும். அப்பதான் உடம்பு நேரா போகும்போதே இறக்கைக்குத் தூக்கு விசை கிடைக்கும். இது காலேஜ்ல படிச்சது, ஞாபகம் இருந்தது. ஆக கிட் தப்பு, நான் சரி. முன்பக்கம் இடைவெளி வேற இருக்கு. பிளாஸ்டிக் ஷீட்ல ஒரு சின்ன ஆப்பு வெட்டி, முன்விளிம்பைத் தூக்கிக் கொடுத்தேன். இடைவெளியும் மூடுச்சு, சாய்வும் வந்துச்சு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. இடது இறக்கையை ஒட்டிட்டேன்.

அடுத்த நாள், பெயின்ட் நிறம் பார்க்கலாம்னு வெஞ்சன்ஸ் பத்திப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க வயித்தைக் கலக்குச்சு.

வெஞ்சன்ஸோட இறக்கைச் சாய்வு பூஜ்யம். வேணும்னே அப்படி வெச்சாங்க. செங்குத்தாப் பாயும்போது இறக்கை சாய்ஞ்சிருந்தா, அதுல உண்டாகுற விசை விமானத்தைக் குறியிலேர்ந்து தள்ளிவிடும். பூஜ்யமா இருந்தா பாதை நேரா இருக்கும், குண்டு குறியில விழும். இதுக்கு விலை உண்டு. நேரா பறக்கும்போது மூக்கைத் தூக்கிக்கிட்டுதான் போகும், பைலட்டுக்கு முன்னாடி சரியா தெரியாது. இதைச் சரிபண்றேன்னு பின்னாடி வந்த மாடல்ல 4 டிகிரி சாய்வு வெச்சாங்க. பார்வை நல்லாச்சு. டைவ் கெட்டுப்போச்சு. நான் என் மேஜையில அதே "திருத்தத்தை" செஞ்சு வெச்சிருந்தேன்.

இன்னொன்னும் இருக்கு. மேலேயிருந்து பார்த்தா இந்த இறக்கை விசித்திரமா இருக்கும். உடம்பை ஒட்டின பகுதி பின்னாடி சாய்ஞ்சு போய், பாதியில திரும்பி நேராகும். இதுக்குச் சொல்லப்படுற காரணம், டிசைன் பண்ணும்போது எடை மையத்தைக் கணக்குப் போட்டதுல நடந்த பிசகு. இறக்கை இன்னும் பின்னாடி இருக்கணும்னு லேட்டாத்தான் தெரிஞ்சது. இறக்கை உடம்போட சேருற இடத்தையே மாத்தி டிசைன் பண்றதைவிட, நடுப்பகுதியைப் பின்னாடி வளைக்கிறது சுலபம். வளைச்சுட்டாங்க. அதாவது நிஜ விமானமே சரியாப் பொருந்தாத ஒரு கிட்தான். அதுக்குப் பட்டி பார்த்து, அந்தப் பட்டியையே அடையாளமாக்கிட்டாங்க.

அமெரிக்க ராணுவம் இதைப் போர்ல இறக்கவே இல்லை. ஆஸ்திரேலியர்கள் நியூ கினியில கொஞ்ச நாள் ஓட்டிட்டு 1944 மார்ச்ல நிறுத்திட்டாங்க. அதனாலேயே புத்தகங்கள்ல இது ஒரு தோல்வின்னு ஒரு வரியில முடிஞ்சிடும். ஆனா பர்மா வேற களம். காட்டுக்குள்ள, மரத்தடி மேலயும் மண் மேலயும் புதைஞ்சிருந்த ஜப்பானியப் பதுங்குகுழிகள் மேல, நம்ம காலாட்படைக்கு ரொம்பப் பக்கத்துல குண்டு போடணும். அதுக்கு நேரா விழுற குண்டு வேணும். 1943 கடைசியிலேர்ந்து 8-ம் ஸ்குவாட்ரன் அரக்கான் பகுதியிலயும், 1944-ல 7-ம் ஸ்குவாட்ரன் இம்பால் பக்கமும் அதைத்தான் செஞ்சாங்க. ஆரம்பத்துல எஞ்சின் தொல்லை கொஞ்சநஞ்சமில்லை. ஒவ்வொரு தடவை பறக்கறதுக்கு முன்னாடியும் ஃபிட்டர்கள்தான் அதைப் பறக்கிற நிலைமைக்குக் கொண்டு வந்தாங்க. லால்குடித் தாத்தா மாதிரி ஆட்கள். 1944 முடியறதுக்குள்ள ரெண்டு ஸ்குவாட்ரனுக்கும் வேற விமானம் வந்துடுச்சு. வெஞ்சன்ஸ் மறந்தும் போச்சு. நானே மறந்துட்டு எபிசோட் போட்டவன்தானே.

இப்ப என் கையில இருக்கிறது தப்பான கோணத்துல ஒட்டின இறக்கை. மாடல் பசை சாதாரணப் பசை மாதிரி இல்லை. அது பிளாஸ்டிக்கையே கரைச்சு ரெண்டையும் ஒண்ணாக்கிடும், வெல்டிங் மாதிரி. பிரிக்க முடியாது, அறுக்கத்தான் முடியும். அப்படியே விட்டிருந்தா பாட்டிக்கு வித்தியாசம் தெரியப் போறதில்லை. யாருக்குமே தெரியாது. ஆனா அந்தக் குடும்பத்துக்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்கு நான் தப்பான உருவம் கொடுத்தா, அதுதான் இனிமே அவங்க ஞாபகம். சின்ன ரம்பத்தால அறுத்தேன். ஓரம் கொஞ்சம் உடைஞ்சது. ஆப்பைத் தூக்கிப் போட்டுட்டு, பூஜ்யத்துல வெச்சு, முன்பக்க இடைவெளியைப் பட்டியால மட்டும் நிரப்பினேன். அந்த மூணு வாரத்துல பாதி நேரம் இதுக்குத்தான் போச்சு.

பிசிறும் இடைவெளியும் அச்சோட தேய்மானம், அதைத் திருத்தலாம். ஆனா சில கோணல்கள் வரலாறு. எது எதுன்னு தெரிஞ்சுக்காம அரத்தைக் கையில எடுக்கக் கூடாதுன்னு எனக்கு ஒரு பொம்மை சொல்லிக் கொடுத்தது. திங்கட்கிழமை ஆபீஸ் போய், புரியாத ஒரு பழைய ஃபங்ஷனை டெலீட் பண்ணலாமான்னு இருந்தவன், முதல்ல அது ஏன் இருக்குன்னு படிச்சேன்.

போன ஞாயிறு, ஷூ பெட்டியில பஞ்சு வெச்சு, மடியிலேயே வெச்சுக்கிட்டு, பஸ்ல லால்குடி போனேன். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. விரலால இறக்கையோட மடிப்பைத் தடவினாங்க. "ஏன் தம்பி, இது இப்படிக் கோணலா இருக்கு? நீங்க ஒட்டினதா?"ன்னு கேட்டாங்க. இல்லம்மா, அது நிஜத்துலயே அப்படித்தான், கணக்குல பிசகிட்டு அப்புறம் வளைச்சாங்கன்னு சொன்னேன். பாட்டி சிரிச்சாங்க. "அதான் அப்பா எப்பப் பார்த்தாலும் அதைத் திட்டிக்கிட்டே இருந்திருக்கார்"ன்னாங்க.

அதைத் திட்டுவார்ங்கிறது மெயில்ல இல்லை. பேத்திக்கும் அன்னைக்குத்தான் தெரியும். இப்ப அந்த வீட்டுல வெஞ்சன்ஸ் பத்தி ரெண்டு விஷயம் இருக்கு.

உங்க வீட்டுலயும் அர்த்தம் தெரியாத ஒரு பழைய வார்த்தை இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.