எல்லை தாண்டினால் கார் யாருடையது?

லோன்ல வாங்கின காரை பக்கத்து நாட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போனா பேங்க் கதி என்ன? ஐரோப்பிய கோர்ட்டுகள் அரை நூற்றாண்டுக்கு மேல இதோட மல்லுக்கட்டியிருக்கு.

நம்மூர்ல ஆர்.சி.யில பேங்க் பேரைக் குறிச்சுட்டு வண்டியை நம்ம பேர்லயே விட்டுடுவாங்க. ஜெர்மனியில் பெரும்பாலும் கடன் தீரும்வரை பேங்க்தான் சட்டப்படி உரிமையாளர். நீங்க ஓட்டலாம், ஆனா வண்டியின் பத்திரம் பேங்க்ல இருக்கும். கேட்காம வித்தீங்கன்னா கையாடல் கேஸ், தண்டனைச் சட்டம் 246-வது பிரிவு.

ஆஸ்திரியாவில் நியாயம் வேற. அடமானம்னா பொருள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தாகணும், நம்ம அடகுக்கடை நகை மாதிரி. வண்டியைக் கடனாளிகிட்டயே விட்டுட்டு 'இது என்னுது'ன்னு சொன்னா, மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?

இப்ப ஒரு ஜெர்மன் வண்டி ஆஸ்திரியாவுக்குள்ள வருது. வேறொருத்தர் தன் பாக்கிக்காக அதை ஜப்தி பண்றார். பேங்க் ஓடி வருது. எந்த நாட்டுச் சட்டம் செல்லும்? பொருள் நிற்கிற இடத்துச் சட்டம் என்பது பழைய விதி. அதைப் பிடிச்சுக்கிட்டு, 1983 டிசம்பர் 14-ல் ஆஸ்திரிய உச்ச நீதிமன்றம் பேங்க் உரிமை எல்லையிலேயே போச்சுன்னு சொல்லிடுச்சு. ஃபங்ஷனை விட்டு வெளிய வந்ததும் காணாமப் போற லோக்கல் வேரியபிள் மாதிரி :-) கடன் மட்டும் அப்படியே இருக்கும், அது வேற விஷயம்.

பிரான்ஸ் இதை முன்னாடியே செஞ்சிருக்கு. 1969 ஜூலை 8 தீர்ப்பில், பிரான்சில் நிற்கிற வண்டிக்கு பிரெஞ்சுச் சட்டம்தான்னு சொல்லி ஜெர்மன் கடன் நிறுவனத்தைக் கைவிட்டது. கடன் கட்டலைன்னா பொருள் தானாகவே கடன் கொடுத்தவருக்குச் சொந்தமாகும் என்ற ஒப்பந்தத்துக்கு அங்கே அப்போ தடை. 2006-ல்தான் அந்தத் தடையைத் தளர்த்தினாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, 1963-லேயே நேர் எதிர்த் திசையில் ஒரு கேஸ். பிரான்சில் பதிவான அடமானத்தோட ஒரு வண்டி ஜெர்மனிக்கு வருது. பொருளைக் கையில் வாங்காத அடமானத்தை ஜெர்மன் சட்டமும் பொதுவா ஏத்துக்காது. இருந்தாலும், எங்க ஊர் ஏற்பாட்டுக்கு இது கிட்டத்தட்ட சமம்தானேன்னு ஜெர்மன் கோர்ட் பெருந்தன்மையா ஏத்துக்கிச்சு. பதில் மரியாதைதான் கிடைக்கலை!

ஆஸ்திரியா மனசு மாற 35 வருஷம் ஆச்சு. வெளிநாட்டில் முறையா உண்டான உரிமை, எல்லை தாண்டின ஒரே காரணத்துக்காக அழியாதுன்னு 2019 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் பழைய நிலையைக் கைவிட்டது. எனக்கு 2019 தீர்ப்புதான் சரின்னு படுது. ஆனா, வாசல்ல நிற்கிற வண்டியை நம்பிக் கடன் கொடுத்த உள்ளூர் மெக்கானிக் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்யுது.