சீட்டு வாங்கித் தருபவரா, வழி தெரிந்தவரா?



அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவர்கள் சிலர், ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவுக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறார்கள். “சார், எல்லாவற்றையும் செல்போனிலேயே பதிவு செய்துவிடலாம். டிராவல் ஏஜென்ட் எதற்கு? வைத்தால் யாரை நம்பி வைப்பது?” என்று கேட்கிறார்கள். சமூக அறிவியல் நடத்தியவனிடம் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் பழைய காலத்துக்குப் போய்விட்டுத்தான் இன்றைக்கு வருவேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

1841 ஜூலை 5. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ என்ற ஊருக்கு ஒரு தனி ரயில் புறப்பட்டது. சுமார் 500 பேர், ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போனவர்கள் அவர்கள். ஏற்பாடு செய்தவர் தாமஸ் குக். வயது 32. மர வேலை செய்து பிழைத்தவர், மதுவிலக்குப் பிரசாரகர். ரயில் கம்பெனியிடம் பேசி, மொத்தமாக ஆள் சேர்த்து, கட்டணத்தைக் குறைத்தார். டிராவல் ஏஜென்ட் தொழிலின் பிறந்த நாளாகப் பலரும் குறிப்பிடுவது இந்த நாளைத்தான்.

ஆனால் என்னைக் கேட்டால், அந்தத் தொழில் உண்மையில் பிறந்தது நான்கு ஆண்டுகள் கழித்து, 1845இல்தான். அந்த ஆண்டு குக் முதன்முதலாக லாப நோக்கோடு லிவர்பூலுக்கு ஒரு பயணம் ஏற்பாடு செய்தார். சீட்டு விற்பதோடு நிற்கவில்லை. வழியை ஆராய்ந்து, 60 பக்கத்தில் ஒரு கையேடு அச்சிட்டுப் பயணிகளுக்குக் கொடுத்தார். சீட்டு விற்க ரயில் கம்பெனிக்கே ஆள் இருந்தது. ‘நீங்கள் போகப்போகும் இடத்தைப் பற்றி நான் முன்பே விசாரித்து வைத்திருக்கிறேன்’ என்று சொல்லத்தான் ஆள் இல்லை. குக் விற்றது அதைத்தான்.

1851இல் லண்டனில் நடந்த பெரும் கண்காட்சிக்கு அவர் சுமார் ஒன்றரை லட்சம் பேரை அனுப்பிவைத்தார். 1868இல் ஹோட்டல் கூப்பன் கொண்டுவந்தார். 1872இல் ஒரு சிறு குழுவைத் தாமே அழைத்துக்கொண்டு உலகைச் சுற்றக் கிளம்பினார். 222 நாள் பயணம். 1881இல் அவருடைய கம்பெனி பம்பாயில் அலுவலகம் திறந்தது. நம் ஊர் வக்கீல்களும் ஜமீன்தார்களும் சீமைக்குக் கப்பலேறிய காலம் அது.

இனி தீம் பார்க்குக்கு வருவோம்.

1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனாஹைமில் வால்ட் டிஸ்னி தம் டிஸ்னிலேண்டைத் திறந்தார். அழைப்பு இல்லாதவர்களும் போலிச் சீட்டுகளோடு புகுந்துவிட, கூட்டம் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாயிற்று. அன்றைக்கு நல்ல வெயில். புதிதாகப் போட்ட தார் இளகியது. பிளம்பர்களின் வேலைநிறுத்தத்தால் குடிதண்ணீர்க் குழாய்களும் போதவில்லை.

அந்த ஆண்டே அங்கே சீட்டுப் புத்தகம் வந்தது. ஏ, பி, சி என்று எழுத்து போட்ட சீட்டுகள். பிறகு டி, 1959இல் இ. குதிரை வண்டி போன்ற சின்னச் சவாரிகளுக்கு ஏ, மிகப் பெரிய சவாரிகளுக்கு இ. விவரம் தெரிந்தவர் எந்தச் சீட்டை எங்கே செலவழிப்பது என்று கணக்குப் போட்டு நடந்தார். தெரியாதவர் காலையிலேயே இ சீட்டைத் தீர்த்துவிட்டு, பயன்படாத ஏ சீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

1982இல் இந்த முறை போய், நுழைவுக்கு ஒரே கட்டணம், உள்ளே எல்லாம் ஏறலாம் என்று ஆனது. இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. அதுவரை சவாரிக்குச் சீட்டு கொடுத்தோம். அதன்பிறகு நேரம் கொடுக்கிறோம். ஒரு சவாரியின் உண்மையான விலை, அதன் வரிசையில் நீங்கள் நிற்கும் நேரம். 1999இல் அந்த வரிசையைச் சுருக்க ஃபாஸ்ட்பாஸ் என்ற இலவச ஏற்பாடு வந்தது. 2021 முதல் அதற்குப் பதில் காசு கட்டி வாங்கும் ஏற்பாடு. இன்று அதன் பெயர் லைட்னிங் லேன். டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்குபவர்கள் அதை 7 நாள் முன்னதாகப் பதிவு செய்யலாம். வெளியே தங்குபவர்களுக்கு 3 நாள்தான். சாப்பாட்டு மேசைக்கு 60 நாள் முன்பே பதிவு தொடங்கிவிடுகிறது. இந்தத் தேதிகள் தெரியாதவர் பணத்தையும் கட்டிவிட்டு வரிசையிலும் நிற்பார்.

ஆர்லாண்டோவின் கதை இன்னும் பெரிது. விலை ஏறிவிடக் கூடாதென்று வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் டிஸ்னி அங்கே சுமார் 27,000 ஏக்கர் நிலம் வாங்கினார். இன்றைய சென்னை மாநகராட்சியின் பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு. திறப்பு விழாவைப் பார்க்க அவர் இல்லை, 1966இல் காலமானார். அண்ணன் ராய் 1971 அக்டோபர் 1 அன்று திறந்துவைத்தார். அன்றைக்கு இருந்தது மேஜிக் கிங்டம் என்ற ஒரே பூங்கா. 1982, 1989, 1998இல் மேலும் மூன்று சேர்ந்தன. பக்கத்திலேயே 1990இல் யுனிவர்சல் வந்தது. அவர்களும் 1999இல் ஒன்று, 2025 மே மாதம் ஒன்று என்று பெருக்கிக்கொண்டார்கள். டிஸ்னியின் ஹோட்டல்கள் மட்டும் இருபத்தைந்துக்கு மேல்.

இதே காலத்தில் ஏஜென்ட்களின் பிழைப்பில் இடி விழுந்தது. விமானக் கம்பெனிகள் தரும் கமிஷன்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. 1995இல் அமெரிக்காவின் டெல்டா விமானக் கம்பெனி அதற்கு உச்சவரம்பு வைத்தது, மற்றவையும் பின்தொடர்ந்தன. 1996இல் எக்ஸ்பீடியா இணையத்தில் வந்தது. 2002இல் அடிப்படைக் கமிஷனே நிறுத்தப்பட்டது. சீட்டு எழுதிக் கொடுப்பதை மட்டும் நம்பியிருந்த கடைகள் மூடப்பட்டன. பிழைத்தவர்கள் யார்? கப்பல் பயணம், தீம் பார்க் என்று ஒரு துறையை எடுத்துக்கொண்டு அதை ஊன்றிப் படித்தவர்கள். சீட்டு மலிவாகக் கிடைக்கும்போதெல்லாம் விவரத்துக்கு மதிப்பு கூடுகிறது. 1845க்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான்.

இந்த விவரம் இல்லாவிட்டால் என்ன நஷ்டம்? என் உறவில் நடந்ததைச் சொல்கிறேன். யாரையும் குறை சொல்ல அல்ல. என் சகலை இதய நோயாளி. மகன் ஆசையாகக் குடும்பத்தோடு ஆர்லாண்டோ அழைத்துப் போனான். ஏற்பாடு செய்தவர் விமானச் சீட்டில் கெட்டிக்காரர். பூங்காவைப் பற்றி ஒன்றும் அறியாதவர். ஆண்டிலேயே மிகக் கூட்டமான கிறிஸ்துமஸ் வாரத்தில் பதிவு செய்து, ‘டிஸ்னிக்குப் பக்கம்’ என்று வெளியே ஒரு ஹோட்டலில் தங்கவைத்தார். மேஜிக் கிங்டத்துக்குக் காரில் போனால் வாசலில் இறங்க முடியாது. ஏரிக்கு இக்கரையில் வண்டியை நிறுத்தி, படகிலோ மோனோ ரயிலிலோ அக்கரை போக வேண்டும். டிஸ்னி ஹோட்டல் பஸ்ஸில் வந்தால் வாசலருகிலேயே இறங்கலாம். அதைச் சொல்ல ஆள் இல்லை. முதல் நாளே அவர் களைத்துப்போனார். மீதி நாட்களில், “நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்” என்று அறையிலேயே இருந்துவிட்டார். அடுத்த ஆண்டு காலமானார். பூங்காவில் எடுத்த படங்களில் முதல் நாளுக்குப் பிறகு அவர் இல்லை. அந்தப் பயணம் அவருக்காகத்தான் போட்டது.

2023 பிப்ரவரியில் என் மகள் எங்களை அழைத்துப் போனாள். அவள் பிடித்த ஏஜென்ட் ஓர் அமெரிக்கப் பெண்மணி. போனில் பேசியபோது பட்ஜெட் எவ்வளவு என்று முதலில் கேட்கவில்லை. “அம்மாவால் உட்காராமல் எத்தனை நிமிடம் நடக்க முடியும்? அப்பா மதியம் தூங்குவாரா? பையன் காலணி இல்லாமல் எத்தனை அங்குலம்? உணவில் எதை விலக்க வேண்டும்?” இப்படியே கேள்விகள். பேரன் 42 அங்குலம். “ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 வேண்டும். இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள். வாசலில் சொன்னால் அழுவான். ஏழு குள்ளர்கள் ரயிலுக்கு 38 போதும், அதில் ஏற்றுங்கள்” என்றார். நான்கு நாள் சீட்டைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியதில்லை என்று விளக்கி, நடுவில் ஒரு நாள் ஓய்வு வைத்தார். சைவம் என்றதும், அனிமல் கிங்டம் லாட்ஜில் உள்ள சனா என்ற உணவகத்தில் இடம் பிடித்தார். ஆப்பிரிக்க, இந்தியச் சுவை கலந்த சமையல். நான் ரொட்டியும் சட்னி வகைகளும் கொண்டுவந்து வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி. என் துணைவியார் அந்த ஊரில் வயிறாரச் சாப்பிட்டது அங்கேதான். இந்தச் சேவைக்கு அவர் தனிக் கட்டணம் வாங்கவில்லை. டிஸ்னியே அவருக்குக் கமிஷன் தருகிறது.

சரி, இப்படி ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? தேர்வு வைக்க வேண்டியதுதான். கேள்வித்தாள் நான் தருகிறேன்.

1. கடைசியாக எப்போது அங்கே போனீர்கள்? அங்கே ஆண்டுக்கு ஆண்டு விதி மாறுகிறது. பத்து ஆண்டுக்கு முந்தைய அனுபவம் பழைய பாடநூல் மாதிரி.

2. விமான நிலையத்திலிருந்து டிஸ்னியின் இலவசப் பஸ் உண்டா? 2005 முதல் இருந்தது. 2022 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. ‘உண்டு’ என்று ஒருவர் சொன்னால், அவர் படிப்பை நிறுத்தி எத்தனை நாளாயிற்று என்று தெரிந்துவிடும்.

3. சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் எப்படிப் பெரிய சவாரியில் ஏறுவது? ஒருவர் குழந்தையோடு காத்திருந்து, மற்றவர் வந்ததும் மீண்டும் முழு வரிசையில் நிற்காமல் ஏறும் ‘ரைடர் ஸ்விட்ச்’ முறை உண்டு. தெரிந்தவர் உடனே சொல்வார். மூன்று வயதுக்குக் கீழே நுழைவுச் சீட்டே வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

4. யுனிவர்சலும் போக வேண்டும், எங்கே தங்கலாம்? அவர்களின் விலை கூடிய சில ஹோட்டல்களில் தங்கினால், முதல் இரண்டு பூங்காக்களில் வரிசையைச் சுருக்கும் எக்ஸ்பிரஸ் சீட்டு சேர்ந்தே வரும். குடும்பம் பெரிதென்றால் கணக்கு தலைகீழாக மாறும். டிஸ்னி மட்டும் தெரிந்தவர் இங்கே தடுமாறுவார்.

5. எந்த மாதம் போகலாம்? ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் மாலை இடிமழையும். ‘எப்போது வேண்டுமானாலும் போகலாம்’ என்பவர் உங்கள் பெற்றோரின் வயதைக் காதில் வாங்கவில்லை. புயல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதையும், பெரியவர்களின் பழைய நோய்களுக்கு மருத்துவக் காப்பீடு பணம் தருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

6. பயிற்சி பெற்றவரா? ஏஜென்ட்களுக்கென்றே டிஸ்னி ‘காலேஜ் ஆஃப் டிஸ்னி நாலெட்ஜ்’ என்ற இணையவழிப் படிப்பு நடத்துகிறது. முடித்திருந்தால் நல்லது. ஆனால் அதோடு திருப்தி அடையாதீர்கள். நானும் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் பெற்றவன்தான். அந்தத் தாள் வகுப்புக்குள் நுழைய அனுமதி கொடுத்தது, அவ்வளவே. பாடம் நடத்தத் தெரியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

7. பணம் யார் பெயருக்குப் போகிறது? ஃபுளோரிடா, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் பயணம் விற்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஃபுளோரிடாவில் அதைப் பார்ப்பது வேளாண்மை மற்றும் நுகர்வோர் சேவைத் துறை! பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். கடன் அட்டையில் கட்டுங்கள். கணக்கில் பூங்காவின் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தாமஸ் குக் தொடங்கிய கம்பெனி 178 ஆண்டுகள் நடந்து, 2019 செப்டம்பர் 23 அன்று விடியற்காலையில் திவாலானது. அன்றைக்கு வெளிநாடுகளில் இருந்த அதன் பிரிட்டிஷ் பயணிகள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். 1851இல் குக் கண்காட்சிக்கு அனுப்பியதும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை. பிரிட்டிஷ் அரசும் விமானப் போக்குவரத்து ஆணையமும் தனி விமானங்கள் அமர்த்தி, இரண்டு வாரத்தில் அவர்களை ஊர் சேர்த்தன. (இந்தியாவில் அதே பெயரில் இயங்கும் கம்பெனி 2012 முதல் வேறு உரிமையாளரிடம் இருந்ததால் பாதிக்கப்படவில்லை.) பெயர் பெரிது என்பதற்காக ரசீதைப் படிக்காமல் விடக் கூடாது.

இத்தனையும் நாமே படித்துத் தெரிந்துகொள்ள முடியாதா? முடியும். நேரமும் பொறுமையும் இருந்து, பெரியவர்கள் உடன் வராவிட்டால், ஏஜென்ட் இல்லாமலே போய் வாருங்கள். மூன்று தலைமுறை சேர்ந்து, வாழ்க்கையில் ஒரு முறை போகும் பயணம் என்றால், முன்பே நடந்து பார்த்தவரின் கையைப் பிடித்துக்கொள்வது நல்லது.

ஏஜென்ட்டைக் கூப்பிடும் முன் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். உட்காராமல் எவ்வளவு நேரம் நடக்க முடியும் என்று அப்பாவிடம் கேளுங்கள். “அதெல்லாம் எவ்வளவு தூரம்னாலும் நடப்பேன்” என்பார். பிறகு அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். அவர் சொல்லும் கணக்கை ஏஜென்ட்டிடம் கொடுங்கள்.

போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும்.